வெளிநாட்டு ஆய்வுக்குப் பணம்: கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார்?

எனக்கு எழுதிக் கேட்டவர் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறார். 18ஆம் நூற்றாண்டுக் கப்பல் நாட்குறிப்புகளில் மாலுமிகள் எழுதிவைத்த காற்று, மழை, புயல் பற்றிய குறிப்புகளைத் திரட்டி, அந்தக் காலத்துப் பருவநிலையைக் கணிப்பது அவர் வேலை. லண்டனிலும் ஹேக்கிலும் உள்ள ஆவணக் காப்பகங்களில் ஆறு மாதம் உட்கார வேண்டுமாம். பணம் கேட்டு இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டார், இரண்டிலும் கிடைக்கவில்லை. "எங்கெல்லாம் பணம் கிடைக்கும், ஒரு பட்டியல் கொடுங்கள்" என்கிறார்.

பெயர்கள் நிறையச் சொல்கிறேன். ஆனால் உங்களுக்குக் குறைவது பட்டியல் இல்லை. பத்து நிமிடம் தேடினால் நூறு உதவித்தொகைகள் வந்து விழும். ஒவ்வொன்றையும் கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார் என்று பார்க்காமல் ஒரே புரொபோசலை எல்லா இடத்துக்கும் அனுப்பினால் எல்லா இடத்திலிருந்தும் ஒரே பதில்தான் வரும். சில ஆண்டுகள் விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களில் இருந்திருக்கிறேன். நல்ல ஆய்வுகள் தோற்றதற்குப் பெரும்பாலும் அவை தப்பான வாசலைத் தட்டியதுதான் காரணம்.

அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1946இல் செனட்டர் ஃபுல்பிரைட் கொண்டுவந்த சட்டம் அது. போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தின் தளவாடங்கள் உலகம் முழுக்க அப்படியே கிடந்தன. வாங்க நினைத்த நாடுகளிடம் டாலர் இல்லை. அவர்கள் நாணயத்திலேயே விற்று, அந்தப் பணத்தை அறிஞர்கள், மாணவர்கள் போக்குவரத்துக்குச் செலவிடலாம் என்பது ஏற்பாடு. இன்று 160க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. பிறந்த நோக்கம் இரு நாட்டு உறவு. அதனால்தான் அங்கே "திரும்பி வந்து என்ன செய்வீர்கள்" என்பது சம்பிரதாயக் கேள்வி இல்லை. அந்தப் பணத்தில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் அமெரிக்கா போகும் வெளிநாட்டவர்கள் பொதுவாகத் தங்கள் நாட்டில் இரண்டு ஆண்டு இருந்த பிறகுதான் ஹெச்-1பி விசாவுக்கோ கிரீன் கார்டுக்கோ போக முடியும். அமெரிக்காவிலேயே வேலை தேடிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு எழுதிய புரொபோசலில் அந்த எண்ணம் எப்படியோ எட்டிப் பார்த்துவிடும்.

ஜெர்மனியின் ஹும்போல்ட் அறக்கட்டளை வேறு ரகம். இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஹும்போல்ட் தாய்வழி வந்த சொத்தைக் கரைத்து 1799 முதல் 1804 வரை அமெரிக்கக் கண்டத்தைச் சுற்றியவர். அவர் இறந்த மறுவருடம், 1860இல், அவர் பெயரில் தொடங்கிய அமைப்பு இடையில் நின்றுபோய், 1953இல் இன்றைய வடிவில் மீண்டது. அவர்கள் கொடுப்பது ஆளுக்கு, திட்டத்துக்கு அல்ல. நாட்டுவாரி ஒதுக்கீடோ துறைவாரி ஒதுக்கீடோ கிடையாது. அவர்களின் ஆய்வு ஃபெல்லோஷிப்புக்கு ஆண்டுக்கு ஒரு டெட்லைன் என்ற தொல்லையும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒருமுறை உள்ளே வந்தவர் வாழ்நாள் முழுக்க அந்த வட்டத்தில் இருப்பார் என்ற கணக்கில்தான் தேர்வு செய்கிறார்கள். எனவே உங்கள் கட்டுரைகளும் உங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதும் கடிதங்களும் புரொபோசலைவிடக் கனமாக எடைபோடப்படும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா க்யூரி ஃபெல்லோஷிப்புகளுக்கு வேறொரு ஆசை: ஆய்வாளர்கள் எல்லை தாண்டிப் போக வேண்டும். அதனால் அங்கே ஒரு கறாரான விதி. கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், நீங்கள் போக நினைக்கும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் "முதலில் போய்ப் பழகிக்கொள்ளலாம்" என்று சிறு ஒப்பந்தம் ஒன்றில் போனார். அது நீண்டு 14 மாதம் ஆனது. அதன்பின் விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டு மாதத்துக்கு அவர் கொடுத்த விலை இரண்டு ஆண்டுச் சம்பளம். அங்கே மதிப்பெண் பிரிப்பும் வெளிப்படையானது: ஆய்வின் தரத்துக்கு 50 சதவீதம், விளைவுக்கு 30, செயல்படுத்தும் திட்டத்துக்கு 20. பலர் முதல் பகுதியை ஆறு மாதம் செதுக்கிவிட்டு மற்ற இரண்டையும் கடைசி இரவில் நிரப்புகிறார்கள். படிக்கும்போது தெரிந்துவிடும், நடை திடீரென்று மாறும்.

ஜப்பானின் அறிவியல் வளர்ச்சிக் கழகமான ஜே.எஸ்.பி.எஸ். தரும் போஸ்ட்டாக்டோரல் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய) ஃபெல்லோஷிப்பில், பொதுவான வழியில், விண்ணப்பத்தைப் போடுபவர் நீங்கள் அல்ல. உங்களை ஏற்றுக்கொள்ளும் ஜப்பானியப் பேராசிரியர், தன் பல்கலைக்கழகத்தின் வழியாக. அறிவிப்பில் உள்ள கடைசித் தேதியைப் பார்த்து நிம்மதியாக இருந்தால் ஏமாந்துபோவீர்கள். பல்கலைக்கழகத்தின் உள் டெட்லைன் வாரக்கணக்கில் முன்னால் இருக்கும்.

உயிரியல் பக்கம் இருப்பவர்களுக்கு ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போ, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள மனித எல்லை அறிவியல் திட்டம் என்று தனிப் பெயர்கள் உண்டு. இரண்டுமே நாடு மாறுபவர்களுக்குத்தான். முனைவர் பட்டத்தை இயற்பியலிலோ வேதியியலிலோ முடித்துவிட்டு உயிரியலுக்குத் தாவ நினைப்பவர்களுக்கு இரண்டாவதில் தனிப் பிரிவே இருக்கிறது. சொந்த ஆய்வுக் குழுவே அமைக்கும் நிலைக்கு வந்தவர்களுக்கு ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சில், அதாவது ஈ.ஆர்.சி. எந்த நாட்டவரும் போடலாம், வேலையை ஐரோப்பாவில் செய்ய வேண்டும், தொகை லட்சக்கணக்கான யூரோ. உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

வெளிநாடு என்றாலே மேற்கு என்று நினைப்பதும் ஒரு பழக்கதோஷம். அப்துஸ் சலாம் 1983இல் தொடங்கிய டி.டபிள்யூ.ஏ.எஸ். என்ற உலக அறிவியல் கழகம் இத்தாலியின் ட்ரியெஸ்டெயில் இருக்கிறது. வளரும் நாட்டு ஆய்வாளரை இன்னொரு வளரும் நாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அதே ஊரில் உள்ள, வளரும் நாட்டுப் பெண் அறிவியலாளர்களுக்கான அமைப்பான ஓ.டபிள்யூ.எஸ்.டி. அறிவியலில் பின்தங்கிய நாடுகளின் பெண்களுக்கு முனைவர் பட்டத்துக்கே பணம் தந்துவந்திருக்கிறது. போட்டி இருக்கும்தான், ஆனால் இந்தப் பெயர்களையே கேள்விப்படாத கூட்டம் பெரிது.

சரி, உங்கள் விஷயம். போய்விட்ட இரண்டில் ஒன்றை நீங்கள் விவரித்த விதத்தைப் பார்த்தால், அது முனைவர் பட்டம் கையில் உள்ளவர்களுக்கானது. புகழ்பெற்ற பெயர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். பட்டத்துக்கு முன் இருப்பவர்களின் உலகம் தனி. ஜெர்மனிக்கு என்றால் அந்நாட்டுக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட்டின் குறுகிய கால ஆய்வு உதவித்தொகையைச் சொல்லியிருப்பேன், நீங்கள் ஜெர்மனி போகவில்லை. மானுடவியல் களப்பணி என்றால் வென்னர்-கிரென் அறக்கட்டளை, எந்த நாட்டு மாணவருக்கும் கொடுப்பார்கள். நீங்கள் மானுடவியலர் இல்லை. காமன்வெல்த் ஸ்பிளிட்-சைட் உதவித்தொகை பொருந்தலாம்: பட்டம் உங்கள் பல்கலைக்கழகத்தில், 12 மாதம் வரை பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில். காமன்வெல்த்தில் உள்ள வளரும் நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான் அது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே ஏற்கெனவே தொடர்பு இருக்கவும் வேண்டும். நீங்கள் எந்த நாட்டவர் என்று எழுதவில்லை. அடுத்த முறை யாரிடம் ஆலோசனை கேட்டாலும் முதல் வரியில் அதைச் சொல்லுங்கள். குடியுரிமை, படிப்பின் நிலை, போகும் நாடு, துறை: இந்த நான்கும் தெரிந்தால் நூறு பெயர்ப் பட்டியல் ஏழெட்டாகச் சுருங்கிவிடும்.

உங்களைப் போன்றவர்கள் கவனிக்காமல் விடுவது நூலகங்களும் அருங்காட்சியகங்களும் தரும் சின்னப் பணம். தங்கள் சேகரிப்பை யாராவது வந்து பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பயன்படாத சேகரிப்புக்கு நிதி கேட்க அவர்களுக்கே வாய் வராது. சிகாகோவின் நியூபெர்ரி, கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன், டெக்சாஸின் ஹாரி ரான்சம் மையம், பிலடெல்ஃபியாவின் அமெரிக்கத் தத்துவக் கழகம் எல்லாம் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று குறுகிய கால ஃபெல்லோஷிப் வழங்கிவரும் இடங்கள். உங்கள் பொருளுக்கு நேராக ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையின் கேப்டன் நாட்குறிப்புகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதே கப்பல்களின் லெஃப்டினன்ட் நாட்குறிப்புகள் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரே புயலை இருவர் எழுதியது லண்டனிலேயே இரண்டு இடங்களில். அந்த அருங்காட்சியகம் கெயர்ட் என்ற பெயரில் ஆய்வு ஃபெல்லோஷிப் வழங்கிவந்திருக்கிறது. இரண்டு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன் என்று எழுதினால் "ஏன் எங்களிடம்?" என்ற கேள்விக்குப் பதில் முதல் பத்தியிலேயே விழுந்துவிடும்.

இனி உங்கள் ஆறு மாதத்துக்கு வருகிறேன். கொஞ்சம் வலிக்கும்.

கியூவில் கேப்டன் நாட்குறிப்புகள் ஏ.டி.எம். 51 என்ற வரிசையில் வருகின்றன (பணம் எடுக்கும் இயந்திரம் அல்ல, பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டியின் சுருக்கம், உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்). உங்கள் சுருக்கத்தில் 40 தொகுதிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாசகர் அட்டை வாங்கிக்கொண்டால் சொந்தக் கேமராவில் இலவசமாகப் படம் எடுக்கலாம். நிதானமாக, ஒரு நாளைக்கு இரண்டு தொகுதி என்று வைத்துக்கொள்வோம். 20 வேலை நாள். ஒரு மாதம். ஹேக்கில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களில் லட்சக்கணக்கான பக்கங்களை ஸ்கேன் செய்து இணையத்திலேயே போட்டிருக்கிறார்கள். மதிப்பிடுபவர் இதையெல்லாம் தெரிந்தவராக இருப்பார், அதற்காகத்தான் அவரைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். அவர் பென்சிலை எடுத்து ஓரத்தில் "மிச்சம் ஐந்து மாதம் எதற்கு?" என்று எழுதுவார். உங்கள் விண்ணப்பம் அந்த இடத்தில்தான் முடிந்திருக்கும் என்பது என் ஊகம்.

பதில் இல்லாமல் இல்லை, நீங்கள் எழுதவில்லை, அவ்வளவுதான். காற்றின் வேகத்துக்கு பியூஃபோர்ட் அளவுகோல் வந்தது 1806இல், பிரிட்டிஷ் கடற்படை அதை முறையாக ஏற்றுக்கொண்டது 1838இல். உங்கள் நாட்குறிப்புகள் அதற்கு முந்தியவை. "நல்ல காற்று", "பலத்த காற்று" என்று ஆளுக்கொரு சொல்லில் எழுதியிருப்பார்கள். அந்தச் சொற்களை எண்களாக மாற்றுவது எப்படி, ஒரு கேப்டனின் "பலத்த" இன்னொருவரின் "சுமார்" தானா என்பதெல்லாம் அந்தத் துறையில் பல வருடம் கழித்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பிடிபடும். ஆக ஒன்றரை மாதம் கியூவிலும் கிரீனிச்சிலும், மூன்று மாதம் அந்த வேலை தெரிந்த ஓர் ஆய்வுக் குழுவுடன், அசல் ஏட்டையே பார்த்தாக வேண்டிய பக்கங்களுக்காக ஹேக்கில் இரண்டு வாரம். ஐந்து மாதம். ஆறு என்ற முழு எண்ணைவிட இந்த ஐந்து நம்பும்படி இருக்கிறது. ஏன் அந்த நாடு என்ற கேள்விக்கு "காகிதம் அங்கே இருக்கிறது" என்பது பாதிப் பதில். "இதைச் செய்யத் தெரிந்த ஆள் அங்கே இருக்கிறார்" என்பது மறுபாதி.

அந்த ஆளை முதலில் பிடியுங்கள், பணத்தைப் பிறகு தேடலாம். நீங்கள் அனுப்பியதாகச் சொன்ன மின்னஞ்சல், "தங்கள் ஆய்வுகளில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு, தங்கள் வழிகாட்டுதலில் பணியாற்ற விரும்புகிறேன்" என்று தொடங்குகிறது. இதே வாக்கியம் அவருக்கு வாரம் பத்து வரும். இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒரே கப்பலின் கேப்டனும் லெஃப்டினன்டும் எழுதிய நாட்குறிப்புகளை ஒப்பிட்டதில், 31 நாட்களில் 9 நாட்கள் காற்றின் வலிமைக்கு இருவரும் வெவ்வேறு சொல் பயன்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் கட்டுரையில் கையாண்ட முறையில் இந்த வேறுபாட்டைப் பிழையாகக் கொள்வதா, தகவலாகக் கொள்வதா?" (எண்கள் மாதிரிக்கு, உங்களுடையதைப் போடுங்கள்.) இதற்குப் பதில் எழுதாமல் இருப்பது ஓர் ஆய்வாளருக்குக் கஷ்டம். இரண்டு மூன்று கடிதம் போய் வந்த பிறகு, அழைப்புக் கடிதம் தர முடியுமா என்று கேளுங்கள். அந்தக் கடிதத்திலும் "வந்தால் மகிழ்ச்சி" என்ற ஒற்றை வரி போதாது. மேசை, நூலக அனுமதி, வாரம் எத்தனை மணி நேரம் சந்திப்பார், அவருக்கு இதில் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். வரைவை நீங்களே எழுதிக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், நிம்மதியாகத்தான் இருப்பார்கள்.

ஐந்து மாதத்துக்கும் ஒரே இடத்தில் பணம் கிடைக்க வேண்டும் என்பதில்லை. கிரீனிச் ஒரு துண்டு, உங்கள் பல்கலைக்கழகத்தின் பயண நிதி ஒரு துண்டு, துறைசார் கழகம் தரும் சிறு தொகை ஒரு துண்டு என்று ஒட்டுப்போடலாம். ஒரே செலவுக்கு இரண்டு பேரிடம் வாங்கக் கூடாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். விமானக் கட்டணத்தை ஒருவரிடமும் அறை வாடகையை இன்னொருவரிடமும் கேட்பது தப்பில்லை, அதை இருவரிடமும் சொல்லிவிட வேண்டும். மறைத்துப் பிடிபட்டால் பணம் திரும்பப் போவதோடு பெயரும் போகும்.

பட்ஜெட் பற்றி யாரும் சொல்லித்தராத ஒன்று: தொகையைவிட அது எப்போது கைக்கு வருகிறது என்பது முக்கியம். பல சிறு உதவித்தொகைகள் செலவு செய்த பிறகு, ரசீது கொடுத்த பிறகு திருப்பித் தருபவை. என் முதல் பயணத்தில் விமான டிக்கெட், விசா, காப்பீடு, அறைக்கு முன்பணம் எல்லாம் என் கையிலிருந்து போனது. பணம் வந்தது நான் திரும்பி மூன்று மாதம் கழித்து, அதிலும் ஒரு ரசீது மங்கிப்போனது என்று அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு. வெப்பத்தாளில் அச்சாகும் ரசீதுகள் நாளடைவில் மங்கிப்போகும், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். முன்பணம் உண்டா என்று நிதி அலுவலகத்திடம் நேராகக் கேளுங்கள். பல இடங்களில் உண்டு, கேட்டால்தான் தருவார்கள். விருந்தினர் மாணவருக்குச் சில பல்கலைக்கழகங்கள் பெஞ்ச் ஃபீ என்று இட வசதிக் கட்டணம் ஒன்று போடும், அதை உங்கள் நிதி ஏற்கிறதா என்றும் பாருங்கள். உதவித்தொகையா, வேலை ஒப்பந்தமா என்பதைப் பொறுத்து வரி, மருத்துவக் காப்பீடு, விசா வகை மூன்றும் மாறும். இதில் என்னிடம் கேட்பதைவிட ஏற்கும் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தில் கேட்பதே சரி.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள், புரொபோசலையும் கூடவே அனுப்புங்கள். பெரிய பெயர் எழுதும் வெறும் புகழ்ச்சியைவிட உங்களோடு உட்கார்ந்து வேலை செய்தவர் எழுதும் ஒரு பக்கம் மேல்.

விண்ணப்பிப்பதற்கே கட்டணம் கட்டு என்றோ, தேர்வாகிவிட்டாய், ஆனால் "செயல்பாட்டுத் தொகை" அனுப்பு என்றோ யாராவது எழுதினால் பதிலே போட வேண்டாம். போர், மிரட்டல், அடக்குமுறை காரணமாக நாட்டைவிட்டு வெளியேற வேண்டிய ஆய்வாளர்களுக்கான கதவு முற்றிலும் வேறு. 1933இல் நாஜி ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்ட அறிஞர்களுக்காக பிரிட்டனில் தொடங்கிய அமைப்புதான் இன்றைய காரா. ஸ்காலர்ஸ் அட் ரிஸ்க், ஹும்போல்ட்டின் ஃபிலிப் ஷ்வார்ட்ஸ் முன்முயற்சி ஆகியவையும் அதே வேலையைச் செய்கின்றன. உங்களுக்குத் தேவைப்படாது என்று நம்புகிறேன், படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

தோற்ற இரண்டு விண்ணப்பங்களின் மதிப்பீட்டுக் குறிப்பும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். சிலர் தர மாட்டார்கள். மேரி க்யூரி போன்ற இடங்களில் அறிக்கையே அனுப்பிவிடுவார்கள். அங்கே 85 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கியும் பணம் தீர்ந்துபோனதால் விடுபட்டவர்களுக்கு "சீல் ஆஃப் எக்சலன்ஸ்" என்ற சான்று கிடைக்கும். சில நாடுகளும் பல்கலைக்கழகங்களும் அதை வைத்தே நிதி கொடுக்கின்றன. நான் மூன்றாம் முறை போட்டபோதுதான் கிடைத்தது, முதல் இரண்டு முறையும் ஏன் கிடைக்கவில்லை என்பது அந்தக் குறிப்புகளைப் படித்த அன்று வெட்கத்தோடு புரிந்தது.

இப்போதைக்கு விண்ணப்பம் எதையும் திறக்காதீர்கள். கியூவின் கேட்டலாக் இணையத்தில் இலவசம். கப்பல் பெயரைப் போட்டுத் தேடினால் தொகுதி எண்ணும் தேதியும் வரும். அந்த 40இல் எத்தனை உண்மையிலேயே உங்களுக்கு வேண்டியவை, அவற்றில் எந்தக் கப்பல்களுக்கு கிரீனிச்சிலும் ஜோடி இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். பட்ஜெட்டை அந்த எண்ணிலிருந்து போட்டுவிடலாம்.